பானெட் திறப்பு, பூட்டு: கேள்வி பதில்

மண்டபம்: அண்ணே, உள்ளே லிவரை இழுத்தா 'டக்'குனு சத்தம் வருது, பானெட் எழும்ப மாட்டேங்குது. கேபிள் அறுந்துருச்சா?

சத்தம் வருகிறது என்றால் அறுந்திருக்காது. அறுந்த கேபிளில் லிவர் பிடிமானமே இல்லாமல் லொடலொடவென்று கையோடு வரும். உங்கள் வண்டியில் பூட்டின் கொக்கி உப்புத் துருவில் இறுகி, பானெட்டில் உள்ள ஸ்ட்ரைக்கர் வளையத்தை விடாமல் பிடித்திருக்கிறது. ஒருவர் லிவரை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் பூட்டுக்கு நேர் மேலே உள்ளங்கையை விரித்து வைத்து அழுத்திவிட வேண்டும். அழுத்தும்போது கொக்கியின் மேலுள்ள பாரம் குறையும். கையை எடுத்ததும் ஸ்பிரிங் பானெட்டை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கிவிடும். திறந்தபின் பூட்டை நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் பூசுங்கள். என்ஜின் ஆயில் வேண்டாம். தனுஷ்கோடிக்கு ஒரு தடவை போய்வந்தால் மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

தேவிபட்டினம்: பானெட் லேசா எழும்பினதும் நடுவுல ஒரு கொக்கி மறிக்குது. தொந்தரவா இருக்கு, கழட்டிரலாமா?

கழற்றவே கூடாது. முதல் பூட்டு ஓட்டத்தில் விட்டுப்போனால் காப்பாற்றுவது அந்த இரண்டாம் கொக்கிதான். அது இல்லாவிட்டால் எதிர்க்காற்று அடியில் புகுந்து பானெட்டைத் தூக்கி முன் கண்ணாடியில் அறையும். ஜாகுவார் ஈ-டைப், 1984 முதல் 1996 வரை வந்த நான்காம் தலைமுறை கார்வெட் ஆகிய கார்களில் கீல் மூக்குப் பக்கம் இருக்கும். ஓடும்போது காற்றே அதை அமுக்கும். உங்களுடையது அந்த ரகம் இல்லையே.

ராமேஸ்வரம்: கடலோரமா நிறுத்தி பானெட்டைத் திறந்தா காத்து பிச்சிட்டுப் போகுது. எந்தப் பக்கமா நிறுத்தணும்?

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது அலுமினியத் தகடு எம்மாத்திரம்! கீல் பின்னால் இருந்தால், வண்டியின் மூக்கு காற்றைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் காற்று அடியில் புகுந்து கீலையே வளைத்துவிடும். பின்பக்கமாக வரும் காற்று பானெட்டை மூடத்தான் பார்க்கும். பானெட்டைத் தூக்கிப் பிடிக்கும் வாயு உருளை (கேஸ் ஸ்ட்ரட்) வலுவிழந்திருந்தால் அது உங்கள் தலைமேல் விழும். அதனால் ஒரு கையால் பிடித்துக்கொண்டே திறந்து, முட்டுக்கம்பி கொடுங்கள். கீல் முன்னால் உள்ள வண்டிக்கு எல்லாம் தலைகீழ். சுவர் மறைவு கிடைத்தால் இந்தக் கணக்கே தேவையில்லை.

கீழக்கரை: கார்பன் பானெட் போட்டிருக்கேன். பானெட்டை மேலேர்ந்து பூட்டுற பின் (pin) அவசியமா?

அவசியம். மெலிந்த கார்பனில் கம்பெனிப் பூட்டின் ஸ்ட்ரைக்கர் பிய்ந்து வரலாம். முன் மூலைகளுக்குப் பக்கத்தில் ஒன்றொன்று, ஆக இரண்டு பின் போதும். முதலில் பின்னை ரேடியேட்டர் தாங்கியில் நிறுத்தி, நுனியில் சாந்துப் பொட்டு தடவி, பானெட்டை மெதுவாக இறக்குங்கள். உள்பக்கம் பட்ட இடம்தான் துளைக்கு அடையாளம். இருபுறமும் டேப் ஒட்டி, 3 மி.மீ. பிட்டில் தொடங்கி, பின்னின் தடிமனைவிட 2 மி.மீ. கூடுதலாக அகலப்படுத்துங்கள். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய விளிம்பில் எபாக்சி பூசி அடைக்க வேண்டும்.

நம் ஊரில் பலர் தவறுவது பின்னின் உலோகத்தில்தான். கார்பன் மின்சாரம் கடத்தும். உப்பு ஈரத்தில் அலுமினியத் தகடு அதைத் தொட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின் வாங்கி, இடையில் நைலான் வாஷர் கொடுங்கள். பழைய ஸ்ட்ரட்டையும் மாற்றுங்கள். இரும்புப் பானெட்டுக்கு அளந்த விசை கார்பனை வளைக்கும். உருளையின் மேல் எழுதியிருக்கும் நியூட்டன் அளவைப் பார்த்துக் குறைந்ததை வாங்கலாம்.

ராமநாதபுரம்: நண்பரோட போர்ஷே 911 (997 மாடல், என்ஜின் பின்னால இருக்கும்). பேட்டரி செத்துப்போச்சு, அதுவோ முன் டிக்கிக்குள்ள இருக்கு. பூட்டும் மின்சாரப் பூட்டு. எப்படித் திறக்கறது சார்?

கதவைச் சாவியால் திறந்து, கால் வைக்கும் இடத்து ஃபியூஸ் பெட்டியைப் பாருங்கள். அங்கே ஒரு சிவப்பு முனை இருக்கும், வெளியே இழுங்கள். வேறொரு பேட்டரியின் பாசிட்டிவை அதில் மாட்டி, நெகட்டிவைக் கதவுப் பூட்டு மாட்டும் இரும்பு வளையத்தில் கொடுங்கள். அலாரம் அலறலாம், சாவி பட்டனை அழுத்தினால் அடங்கும். பிறகு டிக்கி பட்டனை அழுத்துங்கள். திறக்க மட்டும்தான் இந்த வழி. இதை வைத்து வண்டியை ஸ்டார்ட் செய்ய முயன்றால் ஃபியூஸ் போகும்.

தொண்டி: கிழக்குக் கடற்கரைச் சாலையில 100-ல போனா பானெட் நடுங்குது. பூட்டு சரியாத்தான் விழுது.

மூலைகளில் உள்ள ரப்பர் ஸ்டாப்பரைப் பாருங்கள். தேய்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் பானெட்டுக்கு எதிர் அழுத்தம் கிடைக்காது. அரைச் சுற்று மேலே திருகி மூடிப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னும் அரைச் சுற்று. அதிகம் ஏற்றினால் பூட்டே விழாது.