முப்பரிமாணக் கட்டடப் படத் தொழில்: மகளின் விருப்பத்தைப் பற்றிக் கேட்ட ஒரு தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், உயிரியல் பிரிவில் படிக்கும் தங்கள் மகள், பாடம் போக மிஞ்சும் நேரத்தையெல்லாம் கணினியில் வீடு கட்டிப் பார்ப்பதிலேயே செலவிடுகிறார் என்றும், அதையே பிழைப்பாகக் கொள்ளப் போவதாகச் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உறவினர்கள் பொறியியலில் சேர்க்கச் சொல்கிறார்கள். ஊரில் உள்ள பயிற்சி நிறுவனம் ஒன்றோ ஆறு மாதப் படிப்புக்கு இப்போதே முன்பணம் கட்டினால் நூறு சதவீதம் வேலை என்கிறது. “இது படிப்பா, பொழுதுபோக்கா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இது ஒரு தொழில்தான், ஐயா: இன்னும் கட்டாத கட்டடம் கட்டியபின் எப்படித் தோன்றும் என்பதைக் கணினியில் படமாகச் செய்து காட்டும் தொழில். தமிழ்நாட்டில் கட்டடக்கலைஞர் அலுவலகங்களிலும், உள்ளலங்கார நிறுவனங்களிலும், அடுக்குமாடி கட்டி விற்பவர்களிடமும், வெளிநாட்டு அலுவலகங்களுக்குப் படம் செய்து அனுப்பும் ஸ்டூடியோக்களிலும் இந்த வேலையைச் செய்து குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மென்பொருளைப் பழகுவது இத்தொழிலின் சுலபமான பகுதி. வரைபடத்தைப் படிக்கத் தெரிவதும் வெளிச்சத்தைப் பார்க்கத் தெரிவதும்தான் சம்பளம் தரும் பகுதி. பயிற்சி நிறுவனங்களின் விளம்பரத் தாளில் முதலாவது மட்டுமே இருக்கும்.

வேலை எப்படி நடக்கிறது என்பதைத் தாங்கள் அறிந்துகொள்வது நல்லது. கட்டடக்கலைஞர் தளவரைபடத்தையும், குறுக்குவெட்டு வரைபடத்தையும், முகப்பு வரைபடத்தையும் ஆட்டோகேட், ரெவிட் போன்ற வரைவு மென்பொருளில் கொடுப்பார். அவற்றை வைத்து ஸ்கெட்ச்அப், 3டிஎஸ் மேக்ஸ், பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருள் ஒன்றில் கட்டடத்தின் உருவத்தை அளவு தவறாமல் எழுப்ப வேண்டும். பிறகு சுவருக்கும் தரைக்கும் மரத்துக்கும் உரிய மேற்பரப்புகளைக் கொடுத்து, சூரியனையும் விளக்குகளையும் அமைத்து, கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி, வி-ரே, கொரோனா போன்ற ரெண்டர் மென்பொருளிடம், அதாவது ஒளியைக் கணக்கிட்டு இறுதிப் படத்தை உருவாக்கும் மென்பொருளிடம், கொடுக்க வேண்டும். ஒளி ஒரு பொருளில் பட்டு, அங்கிருந்து தெறித்து அடுத்த பொருளில் பட்டு, கடைசியில் கண்ணை வந்தடையும் வரை கணக்கிடும் சமன்பாட்டை கணினி வரைகலை ஆய்வாளர் ஜேம்ஸ் கஜியா 1986இல் வெளியிட்டார். இன்றைய ரெண்டர் மென்பொருள்களுக்கு அதுவே அடிப்படை. அந்தக் கணக்குக்கு நேரம் பிடிக்கும். கட்டடத்துக்குள் நடந்து பார்ப்பது போலக் காட்டும் முப்பது வினாடி வாக்த்ரூ காணொளி ஒன்றுக்கு, வினாடிக்கு 25 படம் என்று கொண்டால் 750 படங்கள் வேண்டும். ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் என்றாலும் 125 மணி நேரம், அதாவது ஐந்து நாளுக்கும் மேல் கணினி ஓடவேண்டும். எல்லாம் முடிந்தபின் வாடிக்கையாளர் சோபாவின் நிறத்தை மாற்றச் சொல்வார். இதனால்தான் லூமியன், என்ஸ்கேப், ட்வின்மோஷன் போன்று உடனுக்குடன் படம் காட்டும் மென்பொருள்கள் அலுவலகங்களில் இவ்வளவு விரைவாக இடம்பிடித்தன.

இவை எல்லாவற்றையும் மகள் கற்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஒன்றை ஆழமாகக் கற்றவருக்கு மற்றொன்று சில வாரங்களில் கைக்கு வந்துவிடும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதை என் அனுபவத்திலிருந்தே விளக்குகிறேன். ஆலோசனைப் பணிக்கு வருமுன் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் சில ஆண்டுகள் படம் செய்துகொண்டிருந்தேன். காவிரிக் கரையில் தெற்குப் பார்த்த வாசலோடு ஒரு வீடு. கோடை உச்சிவெயில் முகப்பில் எப்படி விழும் என்று பார்த்து, அதற்கேற்ப சன்ஷேடின் நீளத்தை முடிவு செய்வதற்காக ஒரு படம் கேட்டார்கள். நான் செய்த படத்தில் முகப்பு முழுவதும் வெயில் பளிச்சென்று அடித்தது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். வீட்டுக்காரரின் தந்தை, கொத்து வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர், படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “ஆனி மாசத்துல தெக்குச் சுவத்துல எப்படித் தம்பி வெயில் அடிக்கும்?” என்று மட்டும் கேட்டார். மென்பொருளில் ஊரின் அட்சரேகையை நான் மாற்றாமல் விட்டிருந்தேன்; அது எங்கோ வடக்கே உள்ள ஒரு குளிர்நாட்டின் சூரியனைக் காட்டியிருந்தது. நம் ஊர்கள் கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால், உத்தராயணத்தின் கடைசி வாரங்களில் சூரியன் நம் தலைக்கும் வடக்கே போய்விடுகிறது. ஜூன் 21 அன்று அந்த வீட்டின் தெற்குச் சுவரில் காலை முதல் மாலை வரை நேர்வெயில் படவே படாது. வடக்கே உள்ள சமையலறைச் சுவரில்தான் படும். படத்தை நம்பி முகப்புக்கு மட்டும் நீளமாக சன்ஷேட் போட்டுவிட்டு, சமையலறை ஜன்னலைத் திறந்த வெயிலுக்கு விட இருந்தோம். அட்சரேகையையும் மாதத்தையும் திருத்தி மறுபடியும் படம் எடுத்தபோதுதான் வீட்டின் உண்மையான கோடை தெரிந்தது. அந்தப் பெரியவருக்குத் தெரிந்தது தங்கள் மகளுக்கும் தெரிந்தால், அவருடைய படத்துக்கு மதிப்பு உண்டு.

அழகான படம் தவறான படமாகவும் இருக்கலாம் என்பதை மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, விளம்பரத்தில் உள்ள பொய்யான தகவலை நம்பிப் பணம் கட்டி இழப்புக்கு உள்ளானவர் இழப்பீடு கேட்கலாம். விலகிக்கொள்ள விரும்பினால் கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பப் பெறலாம். வரைபடத்தில் இல்லாத பூங்காவையும், எதிரே நிற்கும் கட்டடத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் வானத்தையும் வைக்கச் சொல்லும் வாடிக்கையாளர்கள் உண்டு. வைக்க மாட்டேன் என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லும் பழக்கம் தொடக்கத்திலேயே வரவேண்டும். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்குகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இப்போது பணம் எதுவும் செலவழிக்காமல் மகளின் விருப்பத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பொதுத்தேர்வு முடிந்ததும் தொடங்கி, இரண்டு மாதம் கொடுங்கள். பிளெண்டர் மென்பொருள் 2002 முதல் திறந்த மூலமாக, முற்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அவர் இணையத்தில் பார்த்த மாளிகைகளை விட்டுவிட்டு, தங்கள் வீட்டின் ஓர் அறையை எடுத்துக்கொள்ளட்டும். டேப்பை வைத்து அளந்து, காகிதத்தில் தளவரைபடம் போடட்டும்: சுவர் ஒன்பது அங்குலமா நாலரை அங்குலமா, வாசற்கால் எத்தனை அடி, ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது. அதை அளவு தவறாமல் கணினியில் எழுப்பட்டும். பிறகு மாலை நான்கு மணிக்கு, விளக்கைப் போடாமல், அறையின் ஒரு மூலையில் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, அதே இடம், அதே உயரம், அதே நேரம் வைத்து ரெண்டர் செய்யட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதல் தடவை ரெண்டர் பொம்மை வீடு போல இருக்கும். ஏன் என்று தேடுவதில்தான் படிப்பே இருக்கிறது. மேசையின் விளிம்பை விரலால் தடவினால் அது கத்தி முனை போல இராது. ஓரிரு மில்லிமீட்டர் உருண்டிருக்கும், அந்த உருட்டலில் ஒரு மெல்லிய ஒளிக்கோடு ஓடும். கணினியில் வரைந்த மேசைக்கு அந்தக் கோடு இல்லாததால் அது அட்டையில் வெட்டியதாகத் தெரிகிறது. வெள்ளையடித்த சுவரும் தன்மேல் விழும் ஒளி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. மென்பொருளில் வெள்ளையை முழு அளவுக்கு வைத்தால் அறை வெளிறிப் போகும், சுமார் எண்பது சதவீதத்துக்குக் குறைத்தால் சுவர் சுவராகும். அறையில் சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால், ஜன்னல் ஓரத்தில் சுவரின் அடிப்பகுதியை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள்: தரையில் பட்டுத் தெறித்த வெயில் அங்கே ஒரு சாண் உயரத்துக்கு இளஞ்சிவப்பாகப் படிந்திருக்கும். பல ஆண்டுகள் குடியிருந்தும் நாம் அதைக் கவனித்திருக்க மாட்டோம். மகள் அதைக் கண்டு, ஓடிவந்து தங்களுக்குக் காட்டினால், அவர் இந்த வேலைக்கு ஏற்றவர் என்று நான் சொல்வேன். நான்காம் நாளே சலித்து, ஆயத்தமாகக் கிடைக்கும் சோபாவையும் செடியையும் இறக்கி அறையை நிரப்பத் தொடங்கினால், அவருக்குப் பிடித்திருப்பது படம் பார்ப்பது, செய்வதல்ல. அதையும் பணம் போகுமுன் அறிந்துகொண்டோம் என்று நிம்மதி அடையலாம்.

படிப்பைப் பற்றி. ஐந்தாண்டு பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டம்) படிப்பைத்தான் நான் முதலில் வைப்பேன். மகள் கணிதமும் இயற்பியலும் படிப்பதால் தகுதி இருக்கிறது. கட்டடக்கலை மன்றம் நடத்தும் நாட்டா நுழைவுத்தேர்வை எழுத வேண்டும். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளி உட்பட மாநிலத்தில் பல கல்லூரிகள் இருக்கின்றன. திருச்சி என்.ஐ.டி.யில் சேர விரும்பினால் ஜே.இ.இ. மெயின் தேர்வின் கட்டடக்கலைத் தாள் வேறாக உண்டு. 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டப்படி, மன்றத்தில் பதிவு செய்தவர் மட்டுமே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியும். எவ்வளவு திறமையாகப் படம் செய்தாலும் அந்தப் பெயர் மென்பொருள் பயிற்சியால் வராது. பி.ஆர்க் முடித்தவர் படம் செய்யும் வேலைக்கும் போகலாம், வடிவமைக்கவும் செய்யலாம். படம் மட்டும் கற்றவருக்கு இரண்டாவது கதவு திறக்காது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: ஐந்தாண்டுகள் முடிந்தபின்னும் முதல் சில வருடங்கள் சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த உறவுக்காரப் பையனோடு ஒப்பிட்டால் தங்களுக்குச் சங்கடமாக இருக்கும். அதைத் தாங்கிக்கொள்ளக் குடும்பம் ஆயத்தமாக இருக்கிறதா என்று தாங்களும் மகளின் தாயாரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

பணவசதி அதற்கு இடம் தராவிட்டால், பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ, அல்லது ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு சிவில் வரைவாளர் பயிற்சி முடித்து, ஓர் அலுவலகத்தில் வரைபடம் போடுபவராகச் சேர்ந்து, அங்கிருந்தே இந்த வேலைக்கு நகர்வது நேர்மையான, நன்றாக நடக்கக்கூடிய வழி. கட்டுமான இடத்தையும் ஷட்டரிங் பலகையையும் கண்ணால் பார்த்தவர் செய்யும் படத்தில் பீம் காணாமல் போகாது.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையை விழுங்கிவிடாதா என்ற அச்சத்தையும் தெரிவித்திருக்கிறீர்கள். ஒரு கிறுக்கல் கோட்டிலிருந்து சில வினாடிகளில் கவர்ச்சியான முகப்புப் படம் தரும் கருவிகள் வந்துவிட்டன, மறுப்பதற்கில்லை. தெருவுக்கு ஒருவராக எலிவேஷன் (முகப்பு) படம் செய்து தருபவர்களின் வருமானத்தை அது தொடும் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கருவி மூன்று ஜன்னலை நான்காக்கிவிடும், படிக்கட்டைச் சுவருக்குள் செலுத்திவிடும். வரைபடத்தில் உள்ளது மட்டுமே படத்தில் இருக்கிறது என்று பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அளவும் வெயிலும் பொருளும் அறிந்தவருக்கு அந்தக் கருவி கையாளாகும். பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்தவருக்குத்தான் போட்டியாளராகும்.

கணினியைப் பொறுத்தவரை, சோதனைக் காலத்தில் வீட்டில் உள்ளதே போதும். மெதுவாக ஓடினால் ஓடட்டும், படத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். கல்லூரியில் சேர்ந்தபின் வாங்கினால் 32 ஜி.பி. நினைவகமும், குறைந்தது 8 ஜி.பி. நினைவகமுள்ள தனி கிராபிக்ஸ் அட்டையும் இருக்கட்டும். 3டிஎஸ் மேக்ஸ், ரெவிட் போன்றவற்றை ஆட்டோடெஸ்க் நிறுவனம் தகுதியுள்ள மாணவர்களுக்கு இலவசமாகவே தருகிறது என்பதால், கடைக்காரர் பென்டிரைவில் போட்டுத் தரும் திருட்டுப் பிரதியை வீட்டுக்குள் விடவேண்டாம்.

கடைசியாக அந்த முன்பணம். இந்த மாதம் கட்டாதீர்கள். சலுகை முடிந்துவிடும் என்று தொலைபேசியில் அவசரப்படுத்தினால், நேரில் போய் மூன்றைக் கேளுங்கள்: சென்ற ஆண்டு மாணவர் ஒருவர் வரைபடத்திலிருந்து தொடங்கிச் செய்து முடித்த முழுக் கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்; பாடம் நடத்துபவர் எந்த அலுவலகத்தில் எத்தனை ஆண்டு வேலை பார்த்தவர் என்று கேளுங்கள்; நூறு சதவீத வேலை என்பதையும், வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்பதையும் முத்திரையிட்ட தாளில் எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். மூன்றுக்கும் நேரான பதில் வந்தால், அந்தத் தாளின் நகலையும், மகள் செய்த அறையின் இரண்டு படங்களையும் எனக்கு அனுப்பி வையுங்கள். பார்த்துவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.