கேளுங்க, வாத்தியார் சொல்றேன்

கேள்வி: கடல் தண்ணீரைத் துணியில் வடிகட்டினேன். மணல் நின்றது, உப்பு நிற்கவில்லையே, ஏன் சார்? உப்பும் திடப்பொருள்தானே?
– ஐந்தாம் வகுப்பு மாணவி, ஏர்வாடி

பதில்: செய்து பார்த்துவிட்டுக் கேட்கிறாய் பார், அது நல்ல பழக்கம் பாப்பா! மணல் கரையாது, அதனால் துணியில் மாட்டிக்கொண்டது. உப்போ கண்ணுக்கே தெரியாத துகள்களாகப் பிரிந்து தண்ணீரோடு கலந்துவிடும். எவ்வளவு நெருக்கமான துணியானாலும் தாண்டிப் போய்விடும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் அப்படித்தான் ஒளிந்திருக்கிறது.

பிரிக்க வேண்டுமென்றால் வெயில்தான் வழி. அப்பாவோடு வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போய்ப் பார். பாத்தியில் தண்ணீர் ஆவியாக ஆவியாக, முதலில் ஜிப்சம் படியும். சமையல் உப்பு அப்புறம்தான். உப்பை வாரியபின் மிஞ்சும் தண்ணீர் ஒரே கசப்பு. அதில் இருப்பது மெக்னீசிய உப்புகள். கடல்நீர் என்றால் உப்பும் தண்ணீரும் மட்டும் என்று சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிக்காது, எத்தனை சரக்கு இருக்கிறது அதில்! மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக் கல்லுப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்கிறதா? உப்பில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

உப்பளம் போக முடியாவிட்டால், தட்டில் கொஞ்சம் கடல் தண்ணீரை ஊற்றி மொட்டைமாடியில் வை. எவர்சில்வர் தட்டு வேண்டாம், அம்மா திட்டுவார், பீங்கான் போதும்.