பாட்டு ஓடினால் எழுத்து நின்றுவிடுகிறதா?

தினமும் இரவு பாட்டுக் கேட்டுக்கொண்டே டைரி எழுத உட்கார்ந்து, நாலு வரியில் நின்றுவிடுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். சோம்பேறித்தனம் இல்லைங்க அது. தமிழ்ப் பாட்டு காதில் விழுந்தால் மனசு அந்த வார்த்தைகளின் பின்னால் போய்விடும். நீங்கள் தேடும் வார்த்தையும் அதே மனசிலிருந்துதானே வர வேண்டும்?

எனக்கும் இதே கதைதான். செல்லூரில் எங்கள் தெருவில் ஆடி மாதம் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். மறுநாள் நோட்டைப் புரட்டினால், கறிக்கடைக் கணக்குக்கு நடுவே அம்மன் பாட்டில் அரை வரி, என் கையெழுத்திலேயே!

அப்புறம் வார்த்தை இல்லாத இசைக்கு மாறினேன். நம்ம மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதசுரத்தைக் கேட்டுப் பாருங்கள். தாளம் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்து வாசிக்கும் ராக ஆலாபனைதான் எழுதத் தோது. தவில் சூடுபிடித்துவிட்டால் பேனா தாளம் போட ஆரம்பித்துவிடும். வீணையும் சரிதான், எனக்கென்னவோ தூக்கம் வந்துவிடுகிறது.

சினிமாப் பாட்டை விட மனசில்லை என்றால், எழுதுவதற்கு முன்னால் இரண்டு பாட்டை வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள். மூன்றாவது தொடங்குவதற்குள் நிறுத்திவிட்டுப் பேனாவை எடுங்கள். போனை மட்டும் அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.