ஆன்லைன் போக்கரில் எதிராளி எடுக்கும் நேரத்தை வைத்து அவர் சீட்டைக் கணிக்க முடியுமா? என் நேரத்தை எப்படி மறைப்பது?

ஓரளவுக்கு முடியும். ஆனால் கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது போல, "சட்டென்று போட்டால் நல்ல சீட்டு, தயங்கினால் மோசமான சீட்டு" என்று வைத்துக்கொண்டு விளையாடினால் சிப்ஸ் (பந்தயம் வைக்கிற வில்லைகள்) சீக்கிரம் காலியாகிவிடும். பல நேரம் அது தலைகீழாகத்தான் இருக்கிறது.

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட். தோட்டங்கள் சூழ்ந்த ஊர், முன்பு பால்மரம், இப்போது பார்க்கிற பக்கமெல்லாம் செம்பனை. எங்கள் வீட்டில் தீபாவளி என்றால் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாய் விரித்துச் சீட்டு விளையாட உட்கார்ந்துவிடுவோம், பெரியப்பா தன் சீட்டை ஒரு தடவை பார்த்துக் கவிழ்த்துவிட்டு மற்ற நேரமெல்லாம் எங்கள் முகத்தையும் கையையும்தான் பார்த்துக்கொண்டிருப்பார். 2020 நவம்பர் 14 தீபாவளிக்கு நடமாட்டக் கட்டுப்பாடு இருந்ததால் மாவட்டம் விட்டு மாவட்டம் போக முடியவில்லை. பெரியம்மா மகன் அண்ணன் கோலாலம்பூரில் மாட்டிக்கொண்டார், மச்சான் பக்கத்து மாவட்டத்துத் தோட்டத்தில். அன்றைக்குத்தான் கைப்பேசியில் தனி மேசை ஒன்றைத் திறந்து இலவச சிப்ஸில் டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் (ஆளுக்குக் கையில் இரண்டு சீட்டு, எல்லோருக்கும் பொதுவாகக் கீழே ஐந்து) ஆரம்பித்தோம், சனிக்கிழமை இரவுகளில் இன்னும் தொடர்கிறது. காசு வைப்பதில்லை. இங்கே அதற்கு 1953இலேயே சட்டம் போட்டாயிற்று, எனக்கும் அதில் விருப்பம் இல்லை.

முகம் தெரியாத மேசையில் மிச்சம் இருப்பவை இரண்டுதான்: எவ்வளவு போட்டார், எவ்வளவு நேரத்தில் போட்டார். நேரத்திலிருந்து நான் தெரிந்துகொள்வது, அந்த முடிவு அவருக்குச் சுலபமாக இருந்ததா, கஷ்டமாக இருந்ததா என்பதை மட்டும்தான். அது ஏன் சுலபமாக இருந்தது என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். என் கையில் கிளாவர் ஏஸ், டைமன் கிங். ஃப்ளாப்பில், அதாவது கீழே முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில், ஹார்ட் கிங், ஹார்ட் எட்டு, ஸ்பேட் நாலு. பாட், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் சிப்ஸ், அதில் பாதி அளவு போட்டேன். அண்ணன் ஒரே நொடியில் கால், அதாவது நான் போட்ட அளவையே அவரும் போட்டார். டர்னில், அதாவது நாலாவது பொதுச் சீட்டாக, கிளாவர் இரண்டு வந்தது, மறுபடியும் போட்டேன், மறுபடியும் ஒரே நொடியில் கால். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அவர் கையில் இரண்டு எட்டோ இரண்டு நாலோ இருந்து செட் (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) அடித்திருந்தால், ரெய்ஸ் செய்து பந்தயத்தை ஏற்றலாமா, சும்மா கால் போட்டு இழுக்கலாமா என்று ஒரு மூன்று நொடியாவது மனசு அலையும். சின்ன ஜோடி இருந்தால், ஃபோல்ட் செய்து சீட்டைக் கைவிட்டுவிடலாமா என்று அலையும். ரெய்ஸும் யோசிக்காமல் ஃபோல்டும் யோசிக்காமல் கால் போடுகிறவர் கையில் பெரும்பாலும் இருப்பது இன்னும் சேராத சீட்டு. இங்கே இரண்டு ஹார்ட் கீழே கிடக்கிறது, இன்னும் ஒன்று விழட்டும் என்று காத்திருக்கிறார். ஃப்ளாப்பிலிருந்து பார்த்தால் அப்படி ஒரு ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) சேர சுமார் 35 சதவீத வாய்ப்பு, டர்னுக்கு அப்புறம் 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு.

ரிவரில், அதாவது கடைசிப் பொதுச் சீட்டாக, ஸ்பேட் ஒன்பது. நான் செக் செய்தேன், அதாவது எதுவும் போடாமல் முறையை விட்டேன். அண்ணன் பாட் முழுவதற்குச் சமமாகப் போட்டார். அவ்வளவு பெரிய பெட்டுக்குக் கால் போட, மூன்று தடவையில் ஒரு தடவை நான் ஜெயித்தாலே போதும், கணக்கு சமமாகிவிடும். அந்த இரண்டு அவசரக் கால்களை நினைத்துக்கொண்டு நானும் கால் போட்டேன். அவர் காட்டியது ஹார்ட் ஜாக், ஹார்ட் பத்து. ஃப்ளஷ் சேரவில்லை, ஜோடிகூட இல்லை. நேரத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தப் பெட்டுக்கு நான் பயந்து ஃபோல்ட் செய்திருப்பேன்.

இதற்கு எதிர்ப்பக்கம், நீண்ட நேரம் எடுத்துக்கொண்டு ரெய்ஸ் செய்வது. அது பெரும்பாலும் பலம்தான், எவ்வளவு போட்டால் எதிராளி ஓடாமல் இருப்பார் என்ற கணக்கில்தான் அந்த நேரம் போகும். நீண்ட நேரம் எடுத்துவிட்டுச் செக் செய்தால் பெரும்பாலும் பலவீனம், "நானும் யோசிக்கிறேன் பார், நீ போடாதே" என்று கெஞ்சுகிற மாதிரி. அப்புறம் ஒரு நொடிகூட ஆகாமல், உங்கள் முறை முடிந்த அதே கணத்தில் விழுகிற செக் ஒன்று உண்டு. மனிதக் கைக்கு அந்த வேகம் வராது. தன் முறை வருவதற்கு முன்பே 'செக் அல்லது ஃபோல்ட்' கட்டத்தில் டிக் போட்டு வைத்திருக்கிறார் என்று அர்த்தம், அந்த ஆட்டத்தை அவர் ஏற்கெனவே விட்டுவிட்டார். நான் இதுவரை பார்த்ததில் அதிகம் நம்பக்கூடிய அடையாளம் இதுதான், அடுத்த சீட்டு உதவாத வரைக்கும் சிப்ஸ் போட்டு அவரைத் தைரியமாகத் தள்ளலாம்.

சரி, இது எங்கே ஏமாற்றும்? மச்சானிடம் ஏமாந்தேன். அவர் எப்போதும் இரண்டு மூன்று நொடியில் முடித்துவிடுகிற ஆள். ஒரு நாள் டர்னில் கடிகாரம் கடைசி நொடிகளுக்கு வரும்வரை ஒன்றும் வரவில்லை, அப்புறம் திடீரென்று பெரிய ரெய்ஸ். என் கையில் இரண்டு ஜோடி. இவ்வளவு யோசித்து ரெய்ஸ் செய்கிறார் என்றால் செட் என்று முடிவு செய்து ஃபோல்ட் செய்துவிட்டேன். உடனே போன் வந்தது, போனுக்குள் தகரக் கூரை மேல் மழை கொட்டுகிற சத்தம், "இங்கே லைன் போயிருச்சு மாப்ளே, போனைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடினேன்" என்கிறார். அவரிடம் இருந்தது வெறும் ஸ்ட்ரெய்ட் டிரா, வரிசையாக ஐந்து சீட்டு சேர இன்னும் ஒன்று வேண்டும். அந்த இருபது நொடியும் மழையுடையது, நான் அதைச் சீட்டுக்குக் கணக்கெழுதிவிட்டேன்.

அதனால் எதிராளியின் வழக்கமான வேகம் தெரியாத வரைக்கும் நேரத்தை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். முதல் முப்பது நாற்பது ஆட்டம் சும்மா கவனியுங்கள், சாதாரண ஃபோல்டுக்கே எவ்வளவு எடுக்கிறார், சீட்டைக் காட்டும்போது அதற்கு முன் எவ்வளவு எடுத்திருந்தார் என்று. முன்பின் தெரியாதவர்களோடு ஆடும்போது இன்னும் கவனம் வேண்டும், ஒரே நேரத்தில் நாலு மேசை திறந்து வைத்திருப்பவரின் தாமதம் வேறு மேசையில் நடக்கிற ஆட்டத்தால் வந்ததாக இருக்கலாம். நன்றாகப் பழகினவர்கள் வேண்டுமென்றே நடிக்கவும் செய்வார்கள். பெட்டின் அளவும் கீழே கிடக்கிற சீட்டும் சொல்கிற கதையோடு நேரமும் ஒத்துப்போனால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், முரண்பட்டால் நேரத்தை விட்டுவிடுங்கள்.

உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி, உங்கள் நேரத்தை எப்படி மறைப்பது என்று. நான் செய்வது இதுதான்: என் முறை வந்ததும் மனசுக்குள் ஒன்று முதல் நாலு வரை எண்ணிவிட்டுத்தான் எதையும் அழுத்துவேன், குப்பைச் சீட்டை ஃபோல்ட் செய்யும்போதும் அப்படியே, இரண்டு ஏஸ் இருந்தாலும் அப்படியே. டிக் போடுகிற கட்டங்களைத் தொடவே மாட்டேன். முதல் வாரம் கை பரபரக்கும், விடாதீர்கள். நான் ஆரம்பித்து மூன்றாவது சனிக்கிழமை அண்ணன் ஆட்டத்தின் நடுவில் கூப்பிட்டு, "ஏன்டா, உன் லைனும் போச்சா?" என்று கேட்டார். மழை என்று சொல்லிவிட்டேன்.