தைவானில் வயதுக்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் என்ன தொடர்பு?

கேள்வி: தைவானில் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி (ஈரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) நடுவயதுக்காரர்களிடம் அதிகம், இளைஞர்களிடம் மிகக் குறைவு என்கிறார்களே, ஏன்?

பதில்: தடுப்பூசிதான் காரணம். 1984-இல் தொற்றுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்தார்கள், 1986 முதல் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும். அதற்கு முன்பு பெரியவர்களில் 15 முதல் 20 சதவீதம் பேரிடம் இந்த வைரஸ் இருந்தது, பெரும்பாலும் பிரசவத்தின்போதோ சின்ன வயதிலோ தொற்றியது. பிறக்கும்போதே தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடும், பெரியவர்களுக்குத் தொற்றினாலோ அநேகமாகத் தானாகவே போய்விடும். அப்புறம், குழந்தைகளுக்கு வரும் ஈரல் புற்றுநோயும் அங்கே வெகுவாகக் குறைந்தது, இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்! ஆனால் ஏற்கெனவே தொற்றியவர்களுக்குத் தடுப்பூசி உதவாது, அதனால் 1986-க்கு முன் பிறந்தவர்கள் உடம்பு நன்றாக இருந்தாலும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளத்தான் வேண்டும்.