இரும்பு-கந்தகக் கொத்துச் சேர்மங்களில் இரும்பு, கந்தக அணுக்கள் மாறிமாறி மூலைகளில் நிற்கும் கனசதுரக் கூண்டை ஆய்வகத்தில் எப்படிக் கட்டுகிறார்கள்?

யாரும் கட்டுவதில்லை. நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் கரைசலில் தாமாகவே கூடிக்கொள்கின்றன. முனைவர் பட்ட ஆய்வுக்காலம் முழுவதும் இவற்றோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாடு முழுவதும் காற்றை அண்டவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் இருக்கிறது.

உயிரணுக்களில் எலக்ட்ரானைக் கடத்தும் ஃபெரிடாக்சின் போன்ற புரதங்களில் உள்ள கூண்டை, புரதமே இல்லாமல் 1972இல் தயாரித்துக் காட்டியது வேதியியலர் ரிச்சர்டு ஹோம் குழு. பின்னர் பரவலான எளிய செய்முறையில் ஃபெரிக் குளோரைடு, தயோலேட்டு (தயோல் என்ற கந்தகக் கரிமச் சேர்மத்தின் எதிரயனி), கந்தகத்தூள், மெத்தனால் ஆகியவை போதும். தயோலேட்டுக்கு இங்கே இரட்டை வேலை. 4 ஃபெரிக் குளோரைடுக்கு 14 தயோலேட்டு செலவாகிறது. அவற்றில் 10, இரும்பையும் கந்தகத்தையும் ஒடுக்க எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு, இரண்டிரண்டாக இணைந்து ஐந்து டைசல்ஃபைடு மூலக்கூறுகளாகிவிடும். மிச்சமுள்ள நான்கும் இரும்புக்கு ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். டெட்ராஅல்கைல் அம்மோனியம் போன்ற பருத்த நேரயனியைச் சேர்த்தால் கருநிறப் படிகம் இறங்கும். தயோலின் நாற்றம் மட்டும் சட்டையைவிட்டுப் போகாது. விடுதியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆள் கிடைத்ததில்லை.

ஏன் குறிப்பாக இந்த வடிவம்? இந்தச் சூழலில் இரும்பு தன்னைச் சுற்றி நான்கு கந்தகங்களை நான்முகியாக வைத்துக்கொள்ளவே விரும்பும். கூண்டின் ஒவ்வொரு சல்ஃபைடும் (ஒடுக்கப்பட்ட கந்தகம்) மூன்று இரும்புகளைப் பிணைக்க, ஒவ்வொரு இரும்பும் மூன்று சல்ஃபைடுகளையும் ஒரு தயோலேட்டையும் பற்றிக்கொண்டால் எல்லா இடமும் நிரம்பி, கூண்டு மூடிவிடுகிறது.

'கனசதுரம்' என்பது பேச்சு வழக்குதான். எக்ஸ்-கதிர் படிகவியலில் பார்த்தால் இரும்பு-கந்தகத் தொலைவு சுமார் 2.3 ஆங்ஸ்ட்ராம், இரும்பு-இரும்புத் தொலைவு சுமார் 2.75, கந்தகம்-கந்தகத் தொலைவோ 3.6 அளவில். அதாவது சிறிய இரும்பு நான்முகியும் பெரிய கந்தக நான்முகியும் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி நிற்கின்றன. கணக்குப்படி இரண்டு இரும்பு +2, இரண்டு +3. ஆனால் எது எது என்று படிகத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. எலக்ட்ரான் பரவிக் கிடப்பதால் நான்கையும் +2.5 என்றே கொள்கிறோம்.

தயாரிப்பது எளிது, கட்டமைப்பை அறிவது கடினம் என்பது இத்துறையில் பழைய கதை. ரூசன் என்ற வேதியியலர் 1858இல் தயாரித்த இரும்பு-கந்தக-நைட்ரோசில் (நைட்ரிக் ஆக்சைடு இணைந்த) கருப்பு உப்பின் கட்டமைப்பு 1958இல்தான் தெரிய வந்தது. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் நைட்ரோஜினேஸ் நொதியின் கொத்தில் இது தலைகீழ். ஒரு மாலிப்டினம், ஏழு இரும்பு, ஒன்பது கந்தகம் என்ற சட்டகம் 1992இல் புலப்பட்டது. நடுவே ஓர் இலேசான அணு இருப்பது 2002இல் தெரிந்தது. அது கார்பன் என்று 2011இல் உறுதியானது. எல்லாம் தெரிந்தும், புரதங்களின் துணையின்றி அதை அப்படியே குடுவையில் யாரும் தயாரித்ததில்லை. கலந்து வைத்தால் தானாகக் கூடும் ரகம் அல்ல அது. பாக்டீரியாவே அதற்கென்று ஒரு புரதக் கூட்டத்தை வைத்துப் படிப்படியாகத்தான் செய்கிறது. நடுவிலுள்ள அந்த ஒற்றைக் கார்பனை எஸ்-அடினோசில்மெத்தியோனின் என்ற உயிரணு மூலக்கூறின் மெத்தில் தொகுதியிலிருந்து பிய்த்தெடுத்துச் செருகுகிறது.