பெட்டிக்கு மேல ஐ7, உள்ள என்ன? பிராசஸர் கேள்வி பதில்

இந்த தடவை வந்ததுல முக்கால்வாசி பிராசஸர் பஞ்சாயத்துதான். நாலு பக்கம் எழுதினவங்க கடிதத்தை எல்லாம் வெட்டிட்டேன், கோச்சுக்காதீங்க.

கே: ரைசன் 5 5600-ஆ, ஐ5-12400எஃப்-ஆ? மூணு மாசமா வீடியோ பாத்துட்டு இருக்கேன் அண்ணா, ஒருத்தர் இதுங்கறார், ஒருத்தர் அதுங்கறார். 1080பி மானிட்டர். கேமிங், கொஞ்சம் வீடியோ எடிட்டிங், மத்தபடி வீட்டு வேலை...

ப: தம்பி, அந்த மூணு மாசத்துல ரெண்டு கேமை முடிச்சே இருக்கலாம். ரைசன் ஏஎம்டி கம்பெனியோடது, ஐ5 இன்டெலோடது. ரெண்டுமே 2022-ல வந்தது, ரெண்டுக்கும் 6 கோர் (தனித்தனியா வேலை செய்யற பகுதி) 12 த்ரெட் (ஒரே நேரத்துல கையில எடுத்துக்கற வேலை), ரெண்டும் அதிகபட்சம் 4.4 ஜிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், ரெண்டு பெட்டியிலயும் கூலர் சேத்தே வரும். நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டு போட்டு ஆடினா ஒரு கேம்ல இது கொஞ்சம் முன்ன நிக்கும், இன்னொண்ணுல அது. கேபினெட்டை மூடி வெச்சு உங்களை உக்கார வெச்சா உள்ள எது இருக்குன்னு நீங்களும் சொல்ல மாட்டீங்க, நானும் சொல்ல மாட்டேன். பிரவுசர்ல முப்பது டேப், எக்செல், படம் பாக்கறது இதெல்லாம் ரெண்டுக்குமே தூசு.

அதனால பிராசஸரை விட்டுட்டு அதைச் சுத்தி என்ன வாங்கணும்னு பாருங்க. 5600 ஏஎம்4 சாக்கெட் (மதர்போர்டுல பிராசஸர் உக்கார்ற இடம்), டிடிஆர்4 ரக ரேம் மட்டும்தான் ஏத்துக்கும். 12400எஃப்-க்கு டிடிஆர்4 போர்டும் இருக்கு டிடிஆர்5 போர்டும் இருக்கு, எந்த போர்டு எந்த ரேம்னு பாக்காம வாங்கிட்டு வந்து ஸ்லாட்ல உள்ளயே போகலன்னு எழுதாதீங்க, போன மாசம் அப்படி ரெண்டு பேர் எழுதியிருந்தாங்க. பின்னாடி பிராசஸரை மட்டும் கழட்டி மாத்தற ஆசை இருந்தா ஏஎம்4-ல 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி கிடைக்குதான்னு தேடலாம், இன்டெல் பக்கம் அதே போர்டுல பயாஸ் (போர்டுக்குள்ளயே இருக்கற சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணிட்டு 14-வது தலைமுறை வரைக்கும் போகலாம்.

ஆனா எடிட்டிங்னு ஒரு வார்த்தை சொன்னீங்க பாருங்க, அங்கதான் நான் கட்சி மாறுவேன். எஃப் போட்டா உள்ள கிராபிக்ஸ் கிடையாதுன்னு அர்த்தம். எஃப் இல்லாத வெறும் 12400-ல அது இருக்கு, அதோட குயிக் சிங்க்னு வீடியோவைப் பிரிக்கறதுக்குன்னே ஒரு பகுதி இருக்கு, போன்ல எடுத்த வீடியோவை டைம்லைன்ல இழுக்கும்போது திக்கித் திணறாம போகும். கார்டு என்னிக்காவது செத்தாலும் ஸ்கிரீன் இருட்டாகாது. எடிட்டிங் நெசமாவே பண்ணுவீங்கன்னா அது. சும்மா ஆசைக்கு சொன்னீங்கன்னா போர்டு, ரேம் எல்லாம் சேத்து கூட்டிப் பாத்து எது கம்மியோ அதை எடுத்துட்டு மிச்சத்தை கிராபிக்ஸ் கார்டுல போடுங்க. ரேம் 16 ஜிபி ஒரே குச்சியா வேண்டாம், எட்டு எட்டா ரெண்டு.

கே: அப்பாவுக்கு மெயில், பேங்க் வேலை, வீடியோ கால். கடையில ஐ9 எடுத்தா பத்து வருஷத்துக்கு கவலையே இல்லங்கறாங்க. எடுக்கலாமா சார்?

ப: கவலை இல்லாம போறது கடைக்காரருக்கு. ஐ3 போதும், ஹார்டு டிஸ்க்குக்கு பதிலா வேகமான எஸ்எஸ்டி இருக்கான்னு மட்டும் பாருங்க.

கே: ஐ7 கேமிங் பிசின்னு ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். கலர் லைட் எல்லாம் சூப்பரா எரியுது. கேம் திக்குது. தெரிஞ்ச பையன் பாத்துட்டு இது 2011 பிராசஸர்ங்கறான். விக்கிறவரைக் கேட்டா ஐ7ன்னுதானே சொன்னேன்ங்கறார். அழுகையா வருது...

ப: அழாதீங்கம்மா, உங்க மேல தப்பில்ல. ஐ7ன்னு சொன்னது பொய் இல்லையாம், எந்த வருஷத்து ஐ7ன்னு சொல்லாம விட்டதுதான் திருட்டு. நீங்க அனுப்பின படத்துல ஐ7-2600ன்னு தெளிவாவே தெரியுது, 2011-ல வந்தது, 4 கோர் 8 த்ரெட். இப்ப ஐ3-12100எஃப்-ன்னு கிடைக்கறதுக்கும் அதே 4 கோர் 8 த்ரெட்தான், ஆனா ஒரு ஐ3 அந்த ஐ7-ஐ தூக்கி சாப்ட்டுட்டு போயிடும். இன்னொரு இடியும் இருக்கு: விண்டோஸ் 11 முறைப்படி ஓடணும்னா இன்டெல்ல 8-வது தலைமுறையாவது வேணும், விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபரோட முடிஞ்சது.

இப்ப செய்ய வேண்டியது: விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அவர் அழிக்கறதுக்கு முன்னாடி. டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், சிபியு, அங்க மாடல் நம்பர் வரும், அதையும் எடுங்க. போன்ல சண்டை போடாதீங்க, பேச்செல்லாம் எழுத்துல இருக்கட்டும். "கேமிங்"னு போட்டு வித்திருக்கார், அது கேமிங்குக்கு ஆகல, அந்த ஒரே வார்த்தையைப் பிடிச்சுக்கோங்க. வித்த தளத்துல புகார், கார்டுல கட்டியிருந்தா பேங்க்லயும் புகார், ரெண்டுக்கும் நாள் கணக்கு உண்டு, இன்னிக்கே போடுங்க.

மத்தவங்களுக்கு: ஐ7-க்கு அப்புறம் ஒரு கோடு, அதுக்கு அப்புறம் வர்ற நம்பர்லதான் விஷயம். 2600-ன்னா ரெண்டாவது தலைமுறை, 12400-ன்னா பன்னெண்டாவது. அந்த நம்பரை சொல்ல மாட்டேங்கறவர்கிட்ட பேச்சை முடிச்சுக்கோங்க.

கே: பிராசஸர் கார்டை இழுத்துப் பிடிக்குதான்னு சொல்ற பாட்டில்நெக் கால்குலேட்டர் வெப்சைட்ல போட்டா 14 சதவீதம் காட்டுது. பிராசஸரை மாத்தணுமா?

ப: அந்த டேபை மூடணும்.

கே: ரைசன் 7 5700 வாங்கினேன். எல்லாரும் சொல்ற 5700எக்ஸ்-ல எக்ஸ் மட்டும் இல்ல, அதே 8 கோர், அதே 4.6 ஜிகாஹெர்ட்ஸ், விலையும் கம்மி. ஆனா ஃப்ரெண்டு பிசியில அதே கார்டு, அதே கேம், நொடிக்கு வர்ற பிரேம் அதிகமா வருது. ஏமாந்துட்டேனா?

ப: ஆமா. இதுக்காகத்தான் ரொம்ப நாளா காத்துட்டு இருந்தேன், கொஞ்சம் புலம்பிக்கறேன்.

5700எக்ஸ்-ல எல்3 கேஷ் 32 எம்பி. உங்க 5700-ல 16 எம்பி, சரிபாதி. பிசிஐஇ, அதாவது கார்டும் பிராசஸரும் பேசிக்கற பாதை, அதுல 4.0, உங்களுதுல 3.0. அதாவது உங்க கையில இருக்கறது எக்ஸ் இல்லாத 5700எக்ஸ் இல்ல, உள் கிராபிக்ஸை அணைச்சு வெச்ச 5700ஜி, சில்லே வேற. கொடுமை என்னன்னா அடிப்படை வேகம் உங்களுதுல 3.7, எக்ஸ்-ல 3.4, பெட்டியைப் பாத்தா மட்டமானதுதான் ஒஸ்தி மாதிரி தெரியும்! நீங்க படிச்சுப் பாத்துதான் வாங்கினீங்க, படிச்சதனாலயே ஏமாந்தீங்க.

கேஷ்னா என்ன பெரிய விஷயம்னு கேப்பாங்க. சமைக்கும்போது கடுகு, உப்பு, மஞ்சத்தூள் எல்லாம் கையெட்டற தூரத்துல இருந்தா ஒரு வேகம், ஒவ்வொண்ணுக்கும் ஏணி போட்டு பரண்ல ஏறி எடுத்தா ஒரு வேகம். மேடை கேஷ், பரண் ரேம். கேம்ங்கறது நொடிக்கு எத்தனையோ தடவை ஒரு சிட்டிகை கேக்கற சமையல், மேடை சின்னதா இருந்தா கை எவ்வளவு வேகமா இருந்து என்ன, ஏணியிலதான் நிக்கணும். 5800எக்ஸ் 4.7 ஜிகாஹெர்ட்ஸ், 5800எக்ஸ்3டி 4.5 தான், ஆனா மேல 64 எம்பி கேஷை அடுக்கி மொத்தம் 96 எம்பி ஆக்கினதும் பெரும்பாலான கேம்ல மெதுவா ஓடறதுதான் ஜெயிச்சது.

லேப்டாப் பக்கம் இதை விட மோசம். ரைசன் 5 7520யு-ன்னு ஒண்ணு, 7000-ன்னு ஆரம்பிக்குது, புத்தம் புதுசுன்னு நெனப்பீங்க, உள்ள இருக்கறது ஏஎம்டி 2019-ல விட்ட ஜென் 2 டிசைன். மூணாவது இலக்கம் 2, அதுதான் அடையாளமாம், அதைத் தெரிஞ்சுக்க ஜோசியம் படிக்கணும். இன்டெல் மட்டும் யோக்கியமா? ஐ5-1335யு-ல 10 கோர்னு எழுதியிருக்கும், எண்ணிப் பாத்தா பெரிய கோர் ரெண்டு, மிச்சம் எட்டும் சின்னது. பால் பாக்கெட்டுல கூட தண்ணி எவ்வளவுன்னு தெரிஞ்சுக்க வழி இருக்கு, இதுல இல்ல.

சரி, உங்களுக்கு. திருப்பிக் குடுக்கற காலம் இருந்தா குடுத்துடுங்க. இல்லன்னா மனசை விடாதீங்க, அது ஓடாத பிராசஸர் இல்ல, 8 கோர் 8 கோர்தான், ஃப்ரெண்டு பிசியைப் பாக்கறதை நிறுத்துங்க.

கே: புது பிசி, புது கார்டு, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர். கேம் 12 பிரேம்ல ஓடுது. பிராசஸர் வீக்கா?

ப: மானிட்டர் கேபிளை கார்டுல சொருகாம மதர்போர்டுல சொருகியிருக்கீங்க, படம் அனுப்பினதுக்கு நன்றி. அப்படியே செட்டிங்ஸ்ல போய் 60-ஐ 165-ஆ மாத்துங்க. இதே கேள்வி இந்த மாசம் அஞ்சாவது தடவை.

கே: ஐ7-14700கே. ஒன்றரை வருஷம் நல்லா ஓடுச்சு. இப்ப கேம் திறந்ததும் வீடியோ மெமரி பத்தலன்னு எரர் வந்து மூடிக்குது. கார்டை மாத்தியும் பாத்துட்டேன்...

ப: ஐயோ, கார்டு வேற வாங்கிட்டீங்களா. அந்த எரர் கார்டைக் காட்டிக் குடுக்கும், ஆனா 13, 14-வது தலைமுறையில பல பேருக்கு குத்தவாளி பிராசஸர்தான். தேவைக்கு மேல வோல்டேஜ் ஏறி ஏறி சில்லே நலிஞ்சுபோற பிரச்சனை, இன்டெல்லே ஒத்துக்கிட்டது. 2024 ஆகஸ்ட்ல 0எக்ஸ்129-னு மைக்ரோகோட் (பயாஸ் வழியா பிராசஸருக்குப் போற திருத்தம்) விட்டாங்க, அதுக்கு அப்புறமும் ஒண்ணு ரெண்டு வந்தது. பயாஸை அப்டேட் பண்ணுங்க, ஆனா அது இனிமே நலியாம தடுக்கும், நலிஞ்சதை திருப்பாது. அப்புறமும் மூடிக்கிச்சுன்னா வாரண்டியில மாத்தக் கேளுங்க, இதுக்காகவே ரெண்டு வருஷம் நீட்டி பெட்டியோட வாங்கினவங்களுக்கு மொத்தம் அஞ்சு வருஷம் ஆக்கியிருக்காங்க. வாரண்டி முடிஞ்சுதுன்னு யாராவது சொன்னா நம்பி வந்துடாதீங்க. கார்டைத் திருப்பிக் குடுக்க முடியுதான்னும் பாருங்க.

கே: 4கே மானிட்டர், 60 ஹெர்ட்ஸ், தனியா உக்காந்து கதை கேம் மட்டும்தான் ஆடுவேன். 9800எக்ஸ்3டி-யா 9600எக்ஸ்-ஆ? பெருசை எடுத்தா கார்டுல கை வைக்கணும்...

ப: 9600எக்ஸ். கார்டுல கை வைக்காதீங்க.

4கே-ல மூச்சு வாங்கறது கார்டு, பிராசஸர் கையைக் கட்டிட்டு நிக்கும். 9800எக்ஸ்3டி-ஐ எல்லாரும் புகழற அந்த கட்டை கட்டையான கிராஃப் பெரும்பாலும் 1080பி-ல, இருக்கறதுலயே பெரிய கார்டைப் போட்டு எடுத்தது, அப்பதான் பிராசஸர் வித்தியாசம் வெளிய தெரியும், சோதிக்கறவங்க பண்றது சரிதான், அதை நம்ம வீட்டு மானிட்டர்ல எதிர்பாக்கறதுதான் தப்பு. போட்டி ஷூட்டர், 240 ஹெர்ட்ஸ்னா அது வேற பேச்சு.

இதை நான் படிச்சு சொல்லல, பட்டு சொல்றேன். ஒரு தடவை சேத்து வெச்ச காசு மொத்தத்தையும் அப்ப இருந்ததுலயே பெரிய பிராசஸர்ல கொட்டிட்டேன். கார்டு பழசு, குருவி தலையில பனங்காய் மாதிரி. நாலு நாள் விண்டோஸ் வேகமா திறக்கறதைப் பாத்தே சந்தோஷப்பட்டேன், அதுவும் எஸ்எஸ்டி பண்ண வேலைன்னு அப்புறம் புரிஞ்சுது. சூடு வேற 95 டிகிரி காட்டுச்சு, பிராசஸர் சரியில்லன்னு திருப்பி அனுப்ப பெட்டி கட்டப் போய் கூலரைக் கழட்டினா அடியில அந்த ஒட்டு பிளாஸ்டிக் பேப்பர், "ஒட்டறதுக்கு முன்னாடி எடுத்துடவும்"னு சிவப்புல கொட்டை எழுத்துல எழுதினது, அப்படியே இருந்துச்சு.

கே: பழைய ஏஎம்4 பிராசஸர் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருது, அடியில ஒரு பின் லேசா சாஞ்சிருக்கு, அதனால விலை குறைச்சு தர்றாங்க. வாங்கலாமா?

ப: சாஞ்சதுன்னா நிமித்தலாம், உடைஞ்சதுன்னா வேண்டாம். லெட் பென்சில்ல லெட்டை எடுத்துட்டு அந்த மூக்கை பின் மேல சொருகி, மூச்சைப் பிடிச்சுட்டு, கொஞ்சம் கொஞ்சமா நிமித்தணும், ஒரே தடவையில நேராக்கப் பாத்தா கையோட வந்துடும். நான் ஒண்ணை நிமித்தி நாலு வருஷமா ஓட்டறேன், அதுக்கு முன்னாடி உடைச்சது ரெண்டு. போர்டுல போட்டு ஓட்டிக் காட்டினா காசு குடுங்க, வாங்கிட்டுப் போய் நிமித்திக்கோன்னு சொன்னா வேண்டாம்.